மேப்ஸில் விட்டுக்கொடுக்கலாம், அரட்டையில் வேண்டாம்

பிரைவசியா வசதியா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. ஒவ்வொரு ஆப்பாக எடுத்து, நம் தகவலை வாங்கினால்தான் அதால் அந்த வசதியைத் தர முடியுமா, வாங்காமலேயே முடியுமா என்று பார்க்க வேண்டும்.

கூகுள் மேப்ஸ் காட்டும் நெரிசலின் சிவப்புக் கோடு, பெரும்பாலும் அந்தச் சாலையில் நகரும் போன்கள் அனுப்பும் லொகேஷனிலிருந்துதான் வருகிறது. எல்லோரும் அதை அணைத்துவிட்டால் கோடும் இருக்காது. தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை வைத்து இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ் நம்மைப் பின்தொடர்வதில்லை, நெட் இல்லாமலும் வழி காட்டும், நடப்பவர்களுக்கு அருமை. ஆனால் முன்னால் நெரிசல் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அவசரமாக வண்டி ஓட்டுகிறவருக்கு கூகுள்தான் சரி. லொகேஷன் அனுமதியை மட்டும் 'ஆப்பைப் பயன்படுத்தும்போது' என்று மாற்றிவிடுங்கள்.

அரட்டையில் கதையே வேறு. வாட்ஸப்பில் இருக்கும் என்க்ரிப்ஷன் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் படிக்கும்படியான பூட்டு) சிக்னல் என்ற இன்னொரு அரட்டை ஆப்பின் ஆட்கள் உருவாக்கியதுதான், 2016இலேயே எல்லா அரட்டைக்கும் வந்துவிட்டது. ஆகவே நாம் எழுதுவதை வாட்ஸப்பின் உரிமையாளரான மெட்டாவால் படிக்க முடியாது. ஆனால் யார் யாரோடு, எப்போது, எவ்வளவு அடிக்கடி பேசினார்கள் என்பது அதற்குத் தெரியும். ஒருவர் திடீரென்று புற்றுநோய் மருத்துவமனையோடு தினமும் பேசத் தொடங்கினார் என்றால், என்ன பேசினார் என்று படிக்கவே தேவையில்லையே! மெசேஜ் போய்ச் சேருவதற்கு இந்தக் கணக்கையெல்லாம் சேர்த்து வைக்கத் தேவையில்லை என்பதற்கு சிக்னலே சாட்சி. 2016இல் அமெரிக்காவில் பயனர் தகவலைக் கேட்டு நீதிமன்ற ஆணை வந்தபோது அவர்களால் கொடுக்க முடிந்தது கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் மட்டும்தான்.

சரி, எல்லோரும் வாட்ஸப்பில்தானே இருக்கிறார்கள்? உண்மைதான், அதை அழிக்கச் சொல்லவில்லை. குடும்ப குரூப் அங்கேயே இருக்கட்டும், உடல்நலம், பணம் பற்றிய பேச்சை சிக்னலுக்கு நகர்த்துங்கள். அப்புறம், வாட்ஸப் பேக்கப்புக்கான என்க்ரிப்ஷனை நாமே போய் ஆன் செய்ய வேண்டும், பலர் செய்வதில்லை.

மெயிலை மாற்றுவதில் அலைச்சல் அதிகம், பலன் குறைவு. மெயிலைப் பூட்டி வைக்கும் புரோட்டான் மெயில் நல்ல சேவைதான், ஆனால் நீங்கள் எழுதும் ஆள் ஜிமெயிலில் இருந்தால் ஒரு பிரதி அங்கே போய்த்தான் சேரும்.

பிரவுசர்தான் இருப்பதிலேயே சுலபம். குரோமிலிருந்து ஃபயர்பாக்ஸுக்குப் போனால் புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் கூடவே கொண்டுபோகலாம், குரோம் ஓரங்கட்டிய, விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜினும் அங்கே முழுதாக வேலை செய்யும். இழப்பு என்று சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை.