கார் உள்ளே கீச் சத்தம்: துணி டேப்பா, சிலிக்கானா?

ஏழு வருடம் ஓடிய என் ஹேட்ச்பேக்கில் மூன்று இடத்தில் சத்தம். டேஷ்போர்டின் இடது ஓரத்தில் கீச் கீச், பின்கதவில் கிரீச், டிக்கியில் லொடலொட. பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து வந்த மாமனார், "மாட்டு வண்டிக்குக்கூட மை போடுவாங்க மாப்பிள்ளை" என்றார். அன்றுதான் ரோஷம் வந்தது.

சர்வீஸில் சொல்லிப் பார்த்தேன். ஓட்டிப் பார்த்தவருக்குச் சத்தமே கேட்கவில்லையாம். டாக்டரிடம் போனதும் பல்வலி நின்றுவிடுமே, அந்தக் கதை. சரி, நாமே பார்ப்போம் என்று இறங்கினேன்.

டிக்கி லொடலொடவுக்குச் செலவே இல்லை. ஸ்டெப்னியின் திருகு தளர்ந்திருந்தது, ஜாக்கி அதன் இடத்தில் உட்காரவில்லை. இரண்டையும் இறுக்கியதோடு முடிந்தது. எதையும் வாங்குமுன் டிக்கியையும், கதவுப் பையில் கிடக்கும் சில்லறையையும், ஆள் இல்லாத சீட்டின் பெல்ட் கொக்கியையும் பார்த்துவிடுங்கள்.

மற்ற இரண்டு சத்தத்துக்கும் என் முன் இருந்தவை இரண்டு வழிகள்: சிலிக்கான் ஸ்ப்ரே, துணி டேப். டபிள்யூடி-40 என்ற எண்ணெய் ஸ்ப்ரேயை அடிக்கச் சொன்னவர்களும் உண்டு. அது 1953-இல் உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டுவதற்காக உருவானது. பெட்ரோலிய எண்ணெய் கலந்தது என்பதால் கதவு ரப்பருக்கு ஆகாது, ரப்பர் உப்பிப்போகும். தேங்காய் எண்ணெய் தடவினால் ஒரு வாரத்தில் புழுதியோடு சேர்ந்து களிம்பாகிவிடும். பஞ்சு போன்ற ஃபோம் டேப் தடிமன் அதிகம். நடுவில் வைத்தால் பிளாஸ்டிக் மூடி சரியாக அமராது, மலிவான ஃபோம் நாளாக நாளாக உதிரவும் செய்யும்.

முதலில் ஸ்ப்ரேதான் வாங்கினேன், சுலபம் என்று. எதையும் கழற்ற வேண்டாம், இடுக்கில் குழாயை வைத்து ஒரு அழுத்து. உடனே அமைதி. ஏறக்குறைய ஆறு வாரம்தான், ஒரு வெயில் காலத்து மதியத்தில் கீச் திரும்பி வந்தது. மறுபடி அடித்தேன், இந்த முறை ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. இடுக்கெல்லாம் புழுதி ஒட்டிக் கறுத்தது. தெறித்த சாரல் முன் கண்ணாடியில் படிந்து, இரவில் எதிர் வண்டி வெளிச்சம் பட்டால் பனிமூட்டம் போல் தெரிந்தது. ஸ்டீயரிங்கிலோ பெடலிலோ பட்டிருந்தால் வழுக்கியிருக்கும்.

கீச் ஏன் வருகிறது என்று யோசித்தால் விஷயம் பிடிபடும். இரண்டு பிளாஸ்டிக் ஓரங்கள் ஒன்றையொன்று அழுத்தி நிற்கின்றன. வண்டி குலுங்கும்போது ஒட்டிக்கொள்கின்றன, சட்டென்று வழுக்குகின்றன, மறுபடி ஒட்டுகின்றன. அந்த நடுக்கம்தான் காதில் விழுகிறது. ஸ்ப்ரே வழுக்கலைத்தான் கூட்டுகிறது. ஓரங்கள் உரசுவது நிற்பதில்லை. இடைவெளி விழுந்து கடகடவென்று தட்டும் இடத்தில் ஸ்ப்ரே அடித்தும் பலனில்லை. துணி டேப் நடுவில் மெத்தையாக உட்காருவதால் உரசலும் இல்லை, தட்டலும் இல்லை.

நான் வாங்கியது டெசா நிறுவனத்தின் 51608 என்ற துணி டேப். கார் தொழிற்சாலையில் வயர்களைச் சுற்றும் அதே வகை, மேலே பஞ்சு போன்ற நார் உள்ளது. 105 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்பதால் வெயிலில் நிறுத்திய வண்டிக்குப் போதும். மலிவான ஃபெல்ட் டேப்பின் பசை சூட்டில் இளகி வழியும், அதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வேலை அதிகம்தான், மறைக்கவில்லை. பிளாஸ்டிக் நெம்புகோலால் ஓரப் பட்டையைக் கழற்றும்போது இரண்டு கிளிப் உடைந்தன. உதிரி கிளிப் வாங்கி வைத்துக்கொண்டு தொடங்கியிருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்த தம்பி ஒவ்வொரு இடமாகக் கையால் அழுத்த, நான் ஸ்பீட் பிரேக்கர் நிறைந்த தெருவில் மூன்று சுற்று ஓட்டிய பிறகே சத்தம் வரும் ஓரம் அகப்பட்டது.

ஸ்ப்ரேயை முதலில் அடித்ததற்கு இங்கேதான் அனுபவித்தேன். சிலிக்கான் பட்ட இடத்தில் டேப் ஒட்டவே இல்லை. மருந்துக்கடை ஸ்பிரிட்டை நனைத்து நாலு முறை துடைத்த பிறகும் ஒரு மூலை மட்டும் உரிந்து உரிந்து வந்தது. டேப் சரிவராவிட்டால் உரித்துவிட்டு ஸ்ப்ரேக்குப் போகலாம். ஸ்ப்ரேயிலிருந்து டேப்புக்கு வருவதுதான் பாடு. இப்போது இரண்டு கோடை தாண்டிவிட்டது, டேஷ்போர்டை மறுபடி தொடவில்லை.

பின்கதவு கதை வேறு. அங்கே கிரீச் போட்டது ரப்பர். ரப்பர் உரசும் கதவுச் சட்டத்தில் தற்காலிகமாக மாஸ்கிங் டேப் ஒட்டி ஓட்டிப் பாருங்கள், சத்தம் நின்றால் அதுதான் காரணம். அங்கே டேப்பை நிரந்தரமாக விட்டால் மழை நீர் உள்ளே வரும். ரப்பரை ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு சிலிக்கான் கிரீஸை விரலால் மெல்லியதாகத் தடவினேன். ஸ்ப்ரே இல்லை, கிரீஸ். வருடத்துக்கு இரண்டு முறை தடவுகிறேன், பத்து நிமிட வேலை. மாமனார் சொன்ன மை இந்த ஓர் இடத்துக்குச் சரி.

என் அனுபவம் ஒரே வண்டி, துணி சீட். தோல் சீட்டும் சன்ரூஃபும் உள்ள வண்டிகளைப் பற்றி நான் பேசினால் அது ஊகமாகிவிடும்.

இந்த மூன்றையும் தவிர இன்னொரு சத்தம் மிச்சம் இருக்கிறது, டிரைவர் பக்கத் தூணுக்குள் எங்கோ. அதன் மேல் ஓரம் நெடுக கர்ட்டன் ஏர்பேக், அதாவது விபத்தில் ஜன்னலோரம் திரைபோல் விரியும் காற்றுப்பை இருக்கிறது. விரியும்போது டேப்போ துணியோ குறுக்கே நிற்கக் கூடாது என்பதால் அந்தப் பட்டையை நான் கழற்றவில்லை. அங்கே மட்டும் இன்னும் பாட்டுதான் காப்பாற்றுகிறது.