நான்கு ஆண்டுகள் ஓடிய எஸ்.எஸ். 316 கடல்நீர்ப் பம்பு

இடிந்தகரையில் சிங்கி இறால் தொட்டி கட்டவிருக்கும் என் சகலை, உவரியில் நான் வைத்திருக்கும் எஸ்.எஸ். 316 (துருப்பிடிக்காத எஃகில் ஒரு வகை) பம்பையே தாமும் வாங்கலாமா என்று கேட்டதால் இதை எழுதுகிறேன்.

ஓட்டத்தில் இதைக் குறை சொல்ல இடமில்லை. சிங்கி இறால் உயிரோடு இருந்தால்தான் விலை. தொட்டிக்கு இரவெல்லாம் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். நான்கு ஆண்டுகளில் ஓர் இரவுகூட இது என்னைக் கைவிட்டதில்லை.

போன வாரம் அடியில் நீர் கசிந்தது. வள்ளியூர்ப் பட்டறையில் பிரித்தபோது, உறையின் அடிவயிற்றில் கறுப்புக் குழம்பு படிந்து, கூமுட்டை நாற்றம் அடித்தது. துடைத்த இடம் புதிதுபோலவே பளபளத்தது, துருவே இல்லை. ஆனால் குண்டூசி முனையளவு வாய் ஒன்று தெரிந்தது. கோணூசியைச் சாய்த்து நுழைத்தால், உள்ளே பட்டாணி அளவுக்குக் குடைந்திருந்தது.

ஆடிக் கடலுக்குப் பயந்து வள்ளங்கள் இறங்காத வாரங்களில், நீரை வடிக்காமல் பம்பை நிறுத்தி வைத்தேன். இந்த உலோகத்தைக் காப்பது அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடு படலம். அது கீறினால் மீண்டும் மூடிக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். தேங்கிய நீரில் முதலில் பெருகும் பாக்டீரியாக்கள் அந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிட, அதற்குப் பிறகு, நாம் ஆக்சிஜனைக் கொண்டு வாழ்வதுபோல் சல்பேட்டைக் கொண்டு வாழும் வேறோர் இனம் தழைக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 2.7 கிராம் சல்பேட் இருப்பதால் அவற்றுக்குப் பஞ்சமே இல்லை. அவை வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடுதான் அந்த நாற்றம். அது இரும்போடு சேர்ந்ததுதான் அந்தக் கறுப்பு. சல்பைடால் படலம் நலிந்த இடத்தில் உப்பிலுள்ள குளோரைடு புகுந்து, அகலத்தில் பரவாமல் ஆழத்தில் குடைகிறது. 316இல் சேர்க்கப்படும் 2 முதல் 3 சதவீத மாலிப்டினம் என்ற உலோகம் இதைத் தாமதப்படுத்தும். தேங்கிய நீரில் முழுதும் தடுக்காது.

வடிக்காதது என் தவறு. ஆனால் கடல்நீருக்கென்றே செய்தது என்று சொல்லி விற்றவர்கள், நிறுத்தினால் வடித்து நன்னீரால் அலசுங்கள் என்று கையேட்டில் ஒரு வரி போட்டிருக்க வேண்டாமா? நான்கு ஆண்டு உழைப்பை நினைத்தாலும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

ஆகவே சகலை, இதை வாங்காதீர்கள். பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் உடலுள்ள பம்பைப் பாருங்கள். நான் என் பழைய பம்பையேதான் ஓட்டப்போகிறேன். புது உறை வெள்ளிக்கிழமை வருகிறது. அதன் அடியில் ஒரு வடிகால் வால்வு வைக்கப் பட்டறையில் சொல்லியிருக்கிறேன்.