ஜேபெக், வெப்பி, ஏவிஃப்: வேகமான தளத்துக்கு எந்தப் பட வடிவம்?

படங்கள் நிறைந்த பக்கம் திணறித் திணறித் திறந்தால், சர்வரை மாற்றுவதற்கு முன் படங்களைப் பாருங்கள். பக்கத்தின் எடையில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கும். இன்று புகைப்படங்களுக்குப் போட்டியில் இருக்கும் வடிவங்கள் மூன்று: ஜேபெக் (JPEG), வெப்பி (WebP), ஏவிஃப் (AVIF).

ஜேபெக் 1992இல் தரநிலையானது. பழசு என்று ஒதுக்குவது அவசரப் புத்தி. மொசில்லா 2014இல் வெளியிட்ட மோஸ்ஜேபெக் என்ற சுருக்கும் கருவியைக் கொண்டு சுருக்கினால், அதே ஜேபெக் கணிசமாக இளைத்துவிடும். இன்னொரு பலமும் உண்டு: ப்ரோகிரசிவ் முறையில் சேமித்த ஜேபெக், ஃபைல் பாதி வருவதற்குள்ளேயே மங்கலாக முழுப்படத்தையும் காட்டி, வர வரத் தெளிவாகும். வெப்பிக்கு இந்த வித்தை கிடையாது. மேலிருந்து கீழாகத்தான் நிரம்பும். ஏவிஃப் பெரும்பாலும் முழுதாக வந்த பிறகே முகம் காட்டும். இணைப்பு மந்தமாக இருப்பவருக்கு, ஃபைல் சிறிதாக இருந்தும் வெற்றிடத்தைப் பார்த்துக் காத்திருக்க நேரலாம். ஃபைல் அளவை மட்டும் ஒப்பிடும் பட்டியல்களில் இது தெரியவே தெரியாது.

வெப்பியை கூகுள் 2010இல் அறிவித்தது. ஆப்பிளின் பிரவுசரான சஃபாரி அதை ஏற்றது 2020இல்தான். அதே தரத்தில் ஜேபெக்கை விட 25 முதல் 34 சதவீதம் சிறியது என்பது கூகுளின் கணக்கு. மோஸ்ஜேபெக்கோடு மோதவிட்டால் அந்த இடைவெளி சுருங்கும். தரத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஃபைலைச் சிறிதாக்கும் ‘தரம் இழக்கும்’ முறையில் வெப்பி நிற விவரத்தைக் குறைத்தே சேமிக்கிறது. அதனால் கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து இருந்தால் ஓரங்கள் கசியும். ஸ்கிரீன்ஷாட்டுக்கும் லோகோவுக்கும் தரம் இழக்காத வெப்பியைப் போடுங்கள். தரம் இழக்காத பழைய வடிவமான பிஎன்ஜியை (PNG) விடப் பெரும்பாலும் சிறிதாகவே வரும்.

ஏவிஃப் 2019இல் வந்தது, ஏவி1 என்ற வீடியோ சுருக்க முறையிலிருந்து பிறந்தது. குறைந்த கிலோபைட்டில் நல்ல படம் என்றால் மூன்றில் இதற்குத்தான் முதலிடம். ஆனால் சுருக்க நேரம் பிடிக்கும். படம் பதிவேற்றும் அந்த நொடியிலேயே சர்வர் சுருக்கித் தர வேண்டிய தளத்தில் இது தலைவலி. ஒருமுறை சுருக்கிப் பல மாதம் பயன்படுத்தும் முகப்புப் படத்துக்கு இதுவே சரி. அதிகமாக அழுத்தினால் தோலின் நுண்கோடுகளை மழித்துவிடும், கவனம். குரோம் 2020இலும் ஃபயர்ஃபாக்ஸ் 2021இலும் சஃபாரி 2022இலும் எட்ஜ் 2024இலும் ஏற்றுக்கொண்டன.

என் தேர்வு: பொதுவாக வெப்பி, முகப்பின் பெரிய படத்துக்கு மட்டும் ஏவிஃப். ஒன்று மட்டும்: 800 பிக்சல் அகல இடத்தில் 4000 பிக்சல் அகலப் படத்தைத் திணித்தால், தேவையைப் போல 25 மடங்கு பிக்சல்களை அனுப்புகிறீர்கள். அந்த நஷ்டத்தை எந்த வடிவமும் ஈடுகட்டாது. பக்கம் திறந்ததும் கண்ணில் படும் படத்துக்கு லேஸி லோடிங் (திரைக்கு அருகில் வரும்போதுதான் படத்தை இறக்கும் முறை) போடுவதும் வேகத்தைக் கெடுக்கும்.

மூன்றையும் சேர்த்துத் தர, ஹெச்டிஎம்எல்லில் பிக்சர் டேக் (<picture>) இருக்கிறது. ஒரே படத்தின் பல வடிவங்களை அதில் வரிசையாக எழுதலாம். பிரவுசர் மேலிருந்து பார்த்து, தனக்குப் புரியும் முதல் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். எனவே ஏவிஃப், வெப்பி, ஜேபெக் என்ற வரிசைதான் சரி. வெப்பியை முதலில் எழுதினால், மெனக்கெட்டுச் சுருக்கிய ஏவிஃப் யாருக்கும் போய்ச் சேராது.