கொடை வில்லுப்பாட்டைப் படமாக்க எந்த எடிட்டர்? ஷாட்கட், கேடென்லைவ், டாவின்சி, கைப்பேசிச் செயலிகள்

அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர்களில் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா என்றால் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வில்லுப்பாட்டு சூடுபிடிக்கும். அதை இருபது நிமிட ஆவணப்படமாக ஆக்கிவிட வேண்டும் என்று நானும் இரண்டு கூட்டாளிகளும் இறங்கினோம். ஒரு கைப்பேசியை மேடைக்கு நேர் எதிரே ஸ்டாண்டில் நிறுத்தினோம். இன்னொன்று கையில், குடம், உடுக்கை, வில்லை அடிக்கும் வீசுகோல் பிடித்த விரல்கள் எல்லாம் கிட்டத்தில் வேண்டும் அல்லவா? கதை பாடும் புலவரின் காலடியில் சின்ன ஆடியோ ரெக்கார்டர். விடிந்தபோது கையில் 60 ஜிபிக்கு மேல் கோப்புகள் சேர்ந்திருந்தன.

எந்த மென்பொருளில் வெட்டுவது என்ற கேள்வியை இந்தப் படத்தை வைத்தே பார்க்கிறேன். பொதுவாக 'எது நல்லது' என்று கேட்டால் பதில் கிடைக்காது. எங்களிடம் இருந்தது தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத, 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப். காசு கொடுத்து வாங்க வழியில்லை. படத்தின் உயிரோ சத்தத்தில் இருக்கிறது.

நெல்லையில் இன்று முப்பதைத் தாண்டிய பலரும் எடிட்டிங் பழகியது விண்டோஸ் மூவி மேக்கரில்தான். கிளிப்பை இழுத்துப் போடு, வெட்டு, பாட்டு சேர், முடிந்தது. 2017 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவிட்டது. அந்த இடத்துக்கு இப்போது விண்டோஸ் 11-இல் வருவது கிளிப்சாம்ப். இலவசப் பதிப்பிலேயே 1080பி தரத்தில் வாட்டர்மார்க் இல்லாமல் எடுக்கலாம். பிறந்தநாள், காதுகுத்து, பள்ளி ஆண்டுவிழாவுக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் கணக்கில் நுழைய வேண்டும், இணையம் வேண்டும், இரண்டு கேமராவின் ஒலியைத் தானாகப் பொருத்தித் தரும் வசதியும் அதில் இல்லை. எங்கள் வேலைக்கு ஒத்துவராது.

கைப்பேசியிலேயே முடித்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: முடிக்கலாம், மூன்று நிமிடப் படம் என்றால். வீஎன் செயலி இலவசமாகவே வாட்டர்மார்க் இல்லாமல் தருகிறது. கைன்மாஸ்டரின் இலவசப் பதிப்பில் மூலையில் அதன் முத்திரை விழும். இரண்டிலும் விரலால் வெட்டுவது சுகம். குற்றாலச் சாரலையோ குறுக்குத்துறைப் படித்துறையையோ எடுத்து அன்றைக்கே போட இதைவிட வேறு வேண்டாம். ஒரு மணி நேர டேக்கை ஐந்தங்குலத் திரையில் விரலால் தள்ளித் தள்ளிக் குடத்தின் ஒரு அடியைத் தேடுவது மட்டும் ஆகாத காரியம்.

இனி உண்மையான போட்டிக்கு வருகிறேன். கணினியில் இலவசமாகக் கிடைக்கும் மூன்று எடிட்டர்கள்: ஷாட்கட், கேடென்லைவ், டாவின்சி ரிசால்வ்.

முதலில் சத்தத்தைப் படத்தோடு பொருத்துவது. வில்லில் வீசுகோல் விழும் சத்தம் கத்தி மாதிரி கூர்மையானது. வினாடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனிப் படங்கள்) என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லிசெகண்ட். மூன்று நான்கு ஃபிரேம் தள்ளிப்போனால் பாமரக் கண்ணுக்கும் தெரிந்துவிடும். முதல் முயற்சியில் தொடக்கத்தைக் கையால் சரியாகப் பொருத்தியிருந்தோம். நாற்பதாவது நிமிடத்தில் பார்த்துவிட்டுக் கூட்டாளி சொன்னான்: "ஏலே, சத்தம் முன்னால வருது, வாய் பொறவுல்லா அசையுது!"

காரணம் கைப்பேசிகளின் வழக்கம். பெரும்பாலான கைப்பேசிகள் ஃபிரேம் வேகத்தை ஒரே சீராக வைப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். எடிட்டரோ சீரான வேகத்தை எதிர்பார்க்கிறது. ஷாட்கட்டிலும் கேடென்லைவிலும் இப்படிப்பட்ட கோப்பைத் திறந்தால், இது மாறும் வேகம் உள்ள கோப்பு, எடிட்டிங்குக்கு ஏற்றபடி மாற்றட்டுமா என்று கேட்கும். சரி என்று சொல்லிவிடுங்கள். நேரம் பிடிக்கும், ஹார்ட் டிஸ்கில் இடமும் தின்னும். ஆனாலும் அந்த ஒரு கேள்விக்காகவே இரண்டையும் கைப்பேசியில் படம் எடுக்கும் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன்.

மாற்றிய பிறகு, ரெக்கார்டரின் ஒலியை ஆதாரமாகக் குறித்துவிட்டு மற்ற கிளிப்புகளை அதோடு பொருத்தச் சொன்னால், இரண்டு மென்பொருளும் ஒலி அலையை ஒப்பிட்டுத் தாமாகவே இடம் சேர்த்துவிடும். டாவின்சியின் இலவசப் பதிப்பும் இதைச் செய்யும். பல கேமரா காட்சிகளை ஓடவிட்டு மாற்றி மாற்றித் தேர்ந்தெடுக்கும் மல்டிகேம் வசதியில் அதன் கை ஓங்கியது என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்படியானால் டாவின்சியே போதாதா? நிறத்தைத் திருத்த இலவசமாகக் கிடைப்பவற்றில் அதற்கு நிகர் இல்லை. அது பிறந்ததே நிறம் திருத்தும் கருவிகள் செய்த நிறுவனத்தில். 2009-இல் பிளாக்மேஜிக் டிசைன் அதை வாங்கியது. ஃபேர்லைட் என்ற பகுதியில் ஒலிக்கு ஒரு ஸ்டுடியோவே இருக்கிறது. ஆனால் 16 ஜிபி ரேமும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் கேட்கிறது. எங்கள் படத்துக்கு இன்னொரு இடி: இரவுக் காட்சியின் புள்ளிப் புள்ளியான இரைச்சலை நீக்கும் கருவியும், ட்யூப்லைட் மினுக்கத்தைத் தணிக்கும் கருவியும் 295 டாலர் கட்டணப் பதிப்பில்தான் இருக்கின்றன. புராஜெக்டைச் சாதாரணக் கோப்பாக வைக்காமல் தனக்குள் ஒரு தரவுத்தளத்தில் வைத்துக்கொள்ளும். இன்னொரு கணினிக்குக் கொண்டுபோக மறக்காமல் எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். வசதியான கணினி இருப்பவர்கள் தாராளமாக அதற்கே போகலாம்.

மினுக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கொடைப் பந்தலில் ட்யூப்லைட்டும் சீரியல் லைட்டும் இல்லாத இடம் கிடையாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த ட்யூப்லைட் வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். கைப்பேசியில் 25 ஃபிரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரம்) 1/50 அல்லது 1/100 வினாடி என்று கையால் வைத்து எடுத்தால் திரையில் பட்டை ஓடாது. எடுக்கும்போது விட்டதை இலவச எடிட்டர் எதிலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

மிச்சம் இரண்டு. ஷாட்கட்டைக் கற்றுக்கொள்ள ஒரு சாயங்காலம் போதும். எஸ் விசையை அழுத்தினால் கிளிப் வெட்டுப்படும். கிளிப்பின் மூலையை இழுத்தால் படம் மெல்லத் தோன்றி மெல்ல மறையும். ராதாபுரம், பணகுடிப் பக்கம் காற்றாலைகளின் நடுவே எடுத்தவர்களுக்கு மைக்கில் விழும் காற்றுச் சத்தம் தெரியும். அந்த அடித்தொண்டை உறுமலைக் குறைக்க இதிலுள்ள ஹைபாஸ் ஃபில்டர் ஒன்றே பாதி வேலையை முடிக்கும். ஒரு கவனம்: புராஜெக்டை தானியங்கி முறையில் விட்டால் முதலில் போடும் கிளிப்பின் அளவையே அது எடுத்துக்கொள்ளும். கைப்பேசியைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்ததை முதலில் போட்டால் படமே செங்குத்தாகிவிடும்.

முதல் குறும்படம் என்றால் ஷாட்கட்தான் என் பதில். இந்த வில்லுப்பாட்டுக்கு மட்டும் கேடென்லைவைத் தேர்ந்தெடுத்தேன். வில்லுப்பாட்டுக்கென்று ஒரு வரிசை உண்டு: காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டு வளம், கதை, கடைசியில் வாழிபாடுதல். கேடென்லைவில் ஒவ்வொன்றையும் தனித்தனி சீக்வென்ஸாக வெட்டி, பிறகு அவற்றையே கிளிப்புகள் போல முதன்மை டைம்லைனில் அடுக்கலாம். நாட்டு வளத்தில் ஒரு நிமிடத்தைக் குறைத்தால் கதைப் பகுதியில் பாடுபட்டுப் பொருத்திய வெட்டுகள் எதுவும் கலையாது. கிளிப்புகளை ஃபோல்டர் பிரித்து வைக்கும் இடமும் அதில் விசாலம். பிராக்சியை இயக்கிவிட்டால் சிறிய நகல்களில் வேலை நடக்கும். எங்கள் 8 ஜிபி லேப்டாப் திணறாமல் ஓடியது அதனால்தான். முதல் வாரம் மெனுக்களில் தொலைந்துபோவீர்கள், பொறுக்க வேண்டும்.

எந்த மென்பொருளானாலும் தலைப்பில் 'கொடை' என்று தட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் தம் இடத்தில் நின்றால் சரி. பிரிந்து நின்றால், பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகத் தலைப்பை வேறிடத்தில் செய்து மேல் டிராக்கில் வையுங்கள். படம், ஒலி, புராஜெக்ட் கோப்பு எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும். புராஜெக்ட் கோப்பை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு கூட்டாளி வீட்டுக்குப் போனால் அங்கே வெறும் சட்டகம்தான் திறக்கும்.

எங்களுக்கு இன்னும் வாழிபாடுதல் பாக்கி. அந்த நேரத்தில் கையில் இருந்த கைப்பேசியின் சார்ஜ் தீர்ந்துவிட்டது. எதிரே நின்ற கேமராவின் படமும் ரெக்கார்டரின் ஒலியும்தான் உண்டு. ஊரை வாழ்த்திப் புலவர் பாட, பின்பாட்டுக்காரர்கள் 'ஆமா' போட, முன்வரிசையில் பிள்ளைகள் உறங்கிக் கிடக்கும் அந்த நான்கு நிமிடத்தை ஒரு வெட்டும் இல்லாமல் அப்படியே விடலாம் என்று இருக்கிறேன்.