பிங்க் காங்கோ வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்

போன தை மாதம் 2,400 ரூபாய் கொடுத்து ஒரு செடி வாங்கினேன். பிலோடென்ட்ரான் பிங்க் காங்கோ. ஆடி முடிவதற்குள் அதில் ஒரு இலையில்கூட பிங்க் இல்லை. அந்த ஆறு மாதமும் நிறம் போனதற்கு நான் செடி விற்றவரைச் சந்தேகப்படவே இல்லை. என் கையைத்தான் நொந்துகொண்டிருந்தேன்.

எங்கள் வீடு சென்னை மடிப்பாக்கத்தில், இரண்டாவது மாடி. பால்கனி என்று சொல்லிக்கொள்ள இரண்டடி அகலம், அதிலும் பாதியை வாஷிங் மெஷின் பிடித்துக்கொண்டது. ஆகவே எனக்குத் தோட்டம் என்றால் ஹாலில் கிழக்குப் பார்த்த ஜன்னலை ஒட்டிப் போட்டிருக்கும் ஒரு நீல ஸ்டூல்தான். மணிபிளாண்ட் மாதிரி கொடி ஓடாமல், ஒரே இடத்தில் அடக்கமாக நிற்கும் செடியாகத் தேடினேன். அப்போதுதான் இன்ஸ்டாகிராமில் அந்தப் படம் கண்ணில் பட்டது. கீழே கரும்பச்சை இலைகள், உச்சியில் நான்கு இலை மட்டும் ரோஸ் மில்க் நிறம். படத்துக்குக் கீழே, "காங்கோ காட்டின் அரிய செடி. எப்போதும் குட்டியாகவே இருக்கும். வீட்டுக்குள் வளரும். குழந்தைகளுக்கும் செல்லப் பிராணிகளுக்கும் பாதுகாப்பானது. கடைசி 3 செடி மட்டும்!"

இதில் 'வீட்டுக்குள் வளரும்' ஒன்றுதான் முழு உண்மை. பிலோடென்ட்ரான்களுக்கும் காங்கோவுக்கும் சம்பந்தமே கிடையாது. அவை மத்திய, தென் அமெரிக்கக் காடுகளின் செடிகள். காங்கோ என்பது வியாபாரத்துக்கு வைத்த பெயர். நன்றாக வளர்ந்தால் இரண்டடி அகலத்துக்கு விரியும். 'பாதுகாப்பானது' என்ற பொய்யைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

பணத்தை ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, "ஸ்க்ரீன்ஷாட்டே போதும் மேடம்" என்றார். அன்பாக்சிங் வீடியோ இல்லாவிட்டால் புகார் ஏற்க மாட்டார்களாம், அதனால் பெட்டியைப் பிரிக்கும்போதே ஒரு கையால் வீடியோ எடுத்தேன். செடி வந்த அன்று உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. ஸ்டூலில் வைத்துப் படம் எடுத்து அனுப்பி, "செடி சூப்பர் தம்பி, ரொம்ப நன்றி" என்று மெசேஜும் போட்டேன்.

மாசியில் முதல் குருத்து வந்தது. வாழைக் குருத்து போலவே இறுகச் சுருண்டு வரும். அத்தை தினமும் காபியோடு போய் அதன் எதிரே நின்று பார்ப்பார். பத்து நாளில் விரிந்தது. பச்சை. வெறும் பச்சை.

வாட்ஸப்பில் படம் அனுப்பினேன். "லைட் பத்தல மேடம், வெயில்ல வைங்க." ஸ்டூலோடு தூக்கிப் பால்கனியில் வைத்தேன். பங்குனி வெயில் மூன்று நாள் போதுமானதாக இருந்தது. ரோஸ் இலைகளில் இரண்டு, சுட்ட அப்பளம் மாதிரி ஓரத்திலிருந்து பொரிந்து பழுப்பாகிவிட்டன. மறுபடி படம். "தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டீங்க." பெட்டியோடு வந்த அட்டையில் 'தினமும் ஒரு கிளாஸ்' என்று அச்சடித்தவரே அவர்தான். அதைச் சொன்னேன். அதற்குப் பதில் வரவில்லை, ஆனால் அடுத்த நாள் 'பிங்க் பூஸ்டர்' என்று ஒரு பொட்டலத்தின் படம் வந்தது. 350 ரூபாய். வாங்கினேன், ஆமாம், வாங்கினேன். நீல நிறத்தில் உப்பு மாதிரி குருணை. வாரம் ஒரு ஸ்பூன். இலை நுனியெல்லாம் கருகத் தொடங்கியது. வைகாசிக்குள் இன்னும் இரண்டு இலை விட்டது, இரண்டும் பச்சை. மிச்சமிருந்த ரோஸ் இலைகளில் நடு நரம்பை ஒட்டிப் பச்சை கசிய ஆரம்பித்தது. சாயம் போன புடவை போல ஒரு வெளிறல், பிறகு அதுவும் பச்சை.

கடைசியாக அவர் அனுப்பியது ஒரு வாய்ஸ் மெசேஜ். "தப்பா நினைக்காதீங்க மேடம், சில பேர் கைக்குச் செடி வராது."

என் அம்மா ஒடித்து நட்ட முருங்கைக் கொம்புகூடத் தழைக்கும். எனக்கு அந்தக் கைராசி இல்லை என்று சின்ன வயதிலிருந்தே வீட்டில் ஒரு பேச்சு உண்டு. இவருக்கு அது எப்படித் தெரிந்ததோ! தெரிந்திருக்க வேண்டியதே இல்லை என்று இப்போது புரிகிறது. செடி வாடினால் நம்மில் முக்கால்வாசிப் பேர் முதலில் நம்மைத்தான் சந்தேகப்படுவோம். அவருடைய வியாபாரமே அதில்தான் ஓடுகிறது.

நடுவில், ஆனி மாதத்தில், நாத்தனார் வீட்டார் வந்திருந்தார்கள். அவர் பேத்திக்கு இரண்டு வயது. எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது குழந்தை ஸ்டூலைப் பிடித்து நின்று ஓர் இலையைக் கடித்துவிட்டது. ஒரே அலறல், உதடு தடித்துவிட்டது. அத்தைதான் சொன்னார், "கருணைக்கிழங்கு பட்ட மாதிரி இருக்குடி, வாயைத் துடைச்சு விடு." துடைத்து, குளிர்ந்த தயிர் ஒரு ஸ்பூன் கொடுத்துக்கொண்டே பக்கத்துத் தெரு டாக்டரிடம் ஓடினோம். நல்லவேளை, விழுங்கவில்லை, சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது. அத்தை சொன்னது அப்படியே சரி. கருணை, சேப்பங்கிழங்கு, பிலோடென்ட்ரான் எல்லாம் ஒரே குடும்பம். இலையில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கும், கடித்தால் வாயில் குத்தும். பூனை, நாய் கடித்தாலும் இதே கதிதான். இப்படியொரு செடியைத்தான் 'குழந்தைகளுக்குப் பாதுகாப்பானது' என்று விற்றிருக்கிறார். இதை எழுதிக் கேட்ட அன்றே என்னை பிளாக் செய்துவிட்டார்.

ஆடியில் செடியை எடுத்துக்கொண்டு ஈசிஆர் பக்கம் ஒரு நர்சரிக்குப் போனேன். அங்கே ஒரு பெரியவர், ஆந்திராவில் நர்சரிகளுக்குப் பேர்போன கடியத்திலிருந்து லாரியில் செடி இறக்கி விற்பவர். பார்த்ததும் சிரித்துவிட்டார். "ஏம்மா, இதுக்கு ரோஸ் கலரே கிடையாதும்மா. ஏத்தி விட்டது."

எனக்குப் புரிய அவர் சொன்ன உதாரணம் வாழைத்தார். தாரை மூடிப் புகை போட்டால் காய் மஞ்சளாகும் இல்லையா? அந்தப் புகையில் இருக்கும் எத்திலீன்தான் வேலை செய்கிறது. செடிகள் தாமே சுரக்கும் வாயுதான் அது. அது மாதிரி ஏதோ ஒரு சிகிச்சையை விற்பனைக்கு முன்னால் இந்தச் செடிக்குக் கொடுக்கிறார்கள் என்பதுதான் செடிக்காரர்கள் மத்தியில் பரவலான பேச்சு. அந்த நேரத்தில் குருத்து விடும் இலைகள் பச்சையம் இல்லாமல் ரோஸாக விரியும். மருந்தின் வேகம் தீர்ந்ததும் செடி தன் நிறத்துக்குத் திரும்பிவிடும், ஆறு மாதமோ ஒரு வருடமோ. நாம் வெளிச்சம் கூட்டினாலும் குறைத்தாலும் உரம் போட்டாலும் அந்த ரோஸ் திரும்பி வரவே வராது. என் பூஸ்டர் பொட்டலத்தைக் காட்டினேன். விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "பத்தொன்பது பத்தொன்பது பத்தொன்பது மாதிரி இருக்கு, உரக் கடையில கிலோவே இந்த விலைக்குள்ள வரும்" என்றார். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் இருக்கும் சாதாரண உரம்தான் அது.

பிங்க் பிரின்சஸ் என்று இன்னொரு பிலோடென்ட்ரான் இருக்கிறது, அதில் ரோஸ் நிஜம். ஆனால் அது கொழுகொம்பு கேட்கும் கொடி வகை. அதன் நிறம் ஒழுங்கில்லாமல் இருக்கும்: ஓர் இலையில் துளி, அடுத்ததில் பாதி, அதற்கடுத்ததில் ஒன்றுமே இல்லை, தண்டிலும் காம்பிலும்கூட ரோஸ் கோடு ஓடும். உச்சியில் நான்கைந்து இலை மட்டும் பெயின்ட் அடித்தது போல முழுசாக ரோஸ், அதற்குக் கீழே ஒரு கோடுகூட இல்லாத பச்சை என்றால் அது என் செடியின் தங்கை. வாங்காதீர்கள். அப்படியும் ஆசை விடவில்லையென்றால், பச்சைக் காங்கோ என்ன விலையோ அதற்கு வாங்குங்கள்.

இன்னொரு விஷயமும் அந்தப் பெரியவர்தான் காட்டினார். தொட்டியிலிருந்து செடியைக் கவிழ்த்து எடுத்தால், வேருக்கு நடுவில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வலைக் கூடை. நாற்றாக இருந்தபோது போட்டதாம், எடுக்காமலே விற்றிருக்கிறார்கள். வலைக்குள் வேர் நெரிந்து, பாதி அழுகி, கூவம் வாடை. கத்தரியால் வலையை வெட்டி, அழுகிய வேரை நறுக்கிவிட்டு, கழுவிய தேங்காய் நார்த்தூள், பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் குருணை, கரித்துண்டு, கொஞ்சம் மண்புழு உரம் கலந்து ஆறு அங்குலத் தொட்டியில் வைத்துக் கொடுத்தார். 150 ரூபாய் வாங்கிக்கொண்டார். நார்த்தூளைக் கழுவாமல் போட்டால் அதிலிருக்கும் உப்பே நுனியைக் கருக்குமாம். ஆர்ஓ மெஷினின் வேஸ்ட் தண்ணீரைச் செடிக்கு ஊற்றும் என் சிக்கனத்தையும் அன்றோடு நிறுத்தச் சொன்னார், அதுவும் உப்புதான். அதை மாப் போட வைத்துக்கொண்டேன்.

இப்போது ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. மண்ணில் விரலை விட்டு, ஒரு அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் அடியில் வழியும்வரை தண்ணீர், தட்டில் தேங்கினால் கொட்டிவிடுவேன். கோடையில் அது மூன்று நாளைக்கு ஒருமுறை என்று வரும். இப்போது ஐப்பசி மழையில் ஒன்பது நாள் ஆகியும் ஈரம் காயவில்லை. ஏழு இலை, பளபளவென்று. என் கைக்குச் செடி வருகிறது.

பணம்? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லை, விற்றவரின் முழுப் பெயர் தெரியாது, முகவரி தெரியாது. கையில் இருப்பது பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டும் அந்த வாய்ஸ் மெசேஜும். பார்ப்போம். கூரியர் அட்டைப்பெட்டியையாவது வைத்திருந்தால் அனுப்பிய முகவரி கிடைத்திருக்கும், அதைப் பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டேன்.

போன வாரம் ஆபீசில் கூட வேலை பார்க்கும் பெண் ஓர் இன்ஸ்டா பக்கத்தை எனக்கு அனுப்பினாள். வேறு பெயர், அதே படம், அதே 'கடைசி 3 செடி', விலை 2,650. கீழே வாடிக்கையாளர் பாராட்டுகள் என்று வரிசையாகப் படங்கள். முதல் படத்தில் பெயரை அழித்துவிட்டு ஒரு மெசேஜ்: "செடி சூப்பர் தம்பி, ரொம்ப நன்றி." பக்கத்தில் ரோஸ் இலையும், பெயின்ட் உரிந்த என் நீல ஸ்டூலின் மூலையும்.

"ரிவ்யூ எல்லாம் நல்லா இருக்கேக்கா, வாங்கலாமா?" என்று கேட்டிருந்தாள்.