"பாப்பாவை நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள், 48,000 ரூபாய் போச்சு

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு அந்த ஆன்லைன் பள்ளியிலிருந்து மெசேஜ் வந்தது: "உங்கள் புகார் தீர்க்கப்பட்டு மூடப்பட்டது." ஒரு பைசா திரும்பி வரவில்லை, ஒரு ஆள் கூப்பிட்டுப் பேசவில்லை, ஆனால் தீர்ந்துவிட்டதாம். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிப்போனால் நானும் "நம்ம தலையெழுத்து" என்று விட்டுவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

பெயர் போடவில்லை. போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று எங்கள் சூப்பர்வைசர் அண்ணன் பயமுறுத்தி வைத்திருக்கிறார். போனில் சமையல் வீடியோ பார்க்கும்போது நடுவில் வந்து விழுமே, "வீட்டிலிருந்தே பத்தாவது பாஸ், ஸ்கூலுக்குப் போகவே வேண்டாம்" என்று, அந்த வகை. மற்ற பெற்றோர்கள் மாட்டாமல் இருக்க ஐந்து விஷயமாவது கடைசியில் சொல்கிறேன்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை சிப்டு முடித்து வீடு வந்து சேர ராத்திரி ஒன்பது ஆகும். வீட்டில் என் அம்மாவும் பெண்ணும்தான். அம்மாவுக்குக் காது மந்தம், எழுத்துக்கூட்டவும் வராது. பெண்ணின் அப்பா எங்கே என்று கேட்காதீர்கள், எங்களுக்கும் தெரியாது.

பெண்ணுக்குப் பதினைந்து வயது. பேசும்போது திக்கும். எட்டாவது வரை ஒரு மாதிரி ஓடியது. ஒன்பதாவதில் ஒரு நாள் எழுந்து நின்று பாடத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கடைசி பெஞ்சு முழுக்கச் சிரித்ததாம். மறுநாள் வயிற்று வலி, அதற்கு மறுநாள் தலைவலி. எப்படியோ ஒன்பதாவதை முடித்தாள், பத்தாவதுக்குப் போகமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசவோ, ஹெட்மிஸ்ட்ரஸைப் போய்ப் பார்க்கவோ ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும். எனக்கு லீவு போட்டால் சம்பளம் இல்லை. அந்த நேரத்தில்தான் இந்த விளம்பரம் வந்து விழுந்தது.

ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை. நம்பரைக் கொடுத்த பத்தாவது நிமிஷம் போன் வந்தது. அட்மிஷன் கவுன்சிலராம். சின்னப் பையன் குரல், முதல் வார்த்தையிலேயே "அக்கா". "பாப்பா எப்படிப் படிப்பாங்க, வீட்ல யார் சொல்லிக் கொடுப்பாங்க" என்று கேட்டார். "கூட இருந்து பாத்துக்க ஆள் இல்லீங்க தம்பி, அதான் யோசனை" என்று நானேதான் சொன்னேன். யார் கேட்டாலும் சொல்லிவிடுகிற வாய் என்னுடையது.

"அதுக்குத்தானேக்கா நாங்க இருக்கோம்" என்றார். "பாப்பாவுக்குன்னு தனியா ஒரு மென்டார் போட்டுடுவோம். காலைல கூப்பிட்டு எழுப்பி விடறதுலருந்து ஹோம்வொர்க் வரைக்கும் அவங்க பொறுப்பு. நீங்க நிம்மதியா வேலைக்குப் போங்க, பாப்பாவை நாங்க பாத்துக்கறோம்."

அப்புறம் வீடியோ காலில் பெண்ணிடம் பேச வேண்டும் என்றார். போனைத் துவரம்பருப்பு டப்பா மேல் சாய்த்து வைத்தேன். பெயர் கேட்டார். முதல் எழுத்திலேயே அவளுக்கு நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லாரும், நான் உட்பட, அந்த இடத்தில் அவள் சொல்ல வந்ததை நாமே சொல்லி முடித்துவிடுவோம். இவர் முடிக்கவில்லை. சிரிக்கவில்லை, தலையைக் குனியவும் இல்லை. அப்படியே காத்திருந்தார். அவள் முழுசாகத் தன் பெயரைச் சொல்லி முடித்தாள். "எங்க கிளாஸ்ல பேசவே வேண்டாம்மா, சந்தேகத்தை டைப் பண்ணினாப் போதும்" என்றார். பல மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் என் பெண் முகத்தில் பல் தெரிந்தது.

நான் விழுந்தது அங்கேதான். 48,000 ரூபாய்க்கு அந்த அரை நிமிஷக் காத்திருப்பைத்தான் வாங்கினேன். இப்போது யோசித்தால் அதுகூடப் பயிற்சி கொடுத்துச் சொல்லித் தந்ததாக இருக்கும் போல.

மொத்தம் 48,000. இன்று ராத்திரிக்குள் சேர்ந்தால்தான் இந்த விலை, நாளைக்கு 65,000 என்றார். கையில் 5,000 கட்டினால் போதும், மீதி 43,000 பன்னிரண்டு தவணை, மாதம் 3,583, வட்டியே கிடையாது என்றார். சந்தையில் கீரைக்கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்கிறவள் நான், அன்றைக்கு வாயே திறக்கவில்லை. மூன்று ஓடிபி வந்தது. மூன்றையும் வாசித்துக் காட்டினேன். முதலாவது அட்மிஷனுக்காம், இரண்டாவது ஆதாருக்காம், மூன்றாவது "சும்மா பேங்க் வெரிஃபிகேஷன்க்கா".

மறுநாள் லன்ச் நேரத்தில் கேள்விப்படாத ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியிலிருந்து மெசேஜ்: உங்கள் 43,000 ரூபாய் கடன் வழங்கப்பட்டது. நான் எப்போது கடன் கேட்டேன்? அந்தக் கவுன்சிலர் தம்பியைக் கூப்பிட்டேன். "அது ஒரு ஃபார்மாலிட்டிக்கா, பயப்படாதீங்க" என்றார். அவர் முதல் ரிங்கிலேயே எடுத்தது அதுதான் கடைசி.

புத்தகப் பெட்டி பதினேழாம் நாள் வந்தது. பிடிக்கவில்லை என்றால் பதினைந்து நாளைக்குள் பணம் வாபஸ் என்று சொல்லியிருந்தார்கள், கவனியுங்கள். பிரித்தால் அத்தனையும் இங்கிலீஷ். அவள் ஒன்று முதல் ஒன்பது வரை தமிழ் மீடியம். அதையும் சேரும்போதே சொல்லியிருந்தேன். லைவ் கிளாஸ் என்றார்கள், உள்ளே போனால் முந்நூறு சொச்சம் பிள்ளைகள், டைப் பண்ணுகிற இடத்தைப் பூட்டி வைத்திருந்தார்கள். கூட்டம் அதிகம், தொந்தரவாக இருக்கிறதாம். பேசவும் முடியாத, எழுதவும் முடியாத வகுப்பில் என் பெண் தினமும் நான்கு மணி நேரம் அதே பருப்பு டப்பா முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். சமைக்கப் பருப்பு எடுக்கவேண்டும் என்றால் அம்மா டப்பாவைக் கேட்பாளாம், இவள் கிளாஸ் முடியட்டும் என்று கை காட்டுவாளாம். அத்தனை ஒழுங்காக இருந்திருக்கிறாள்.

ஆகஸ்டில் ஒரு நாள் அவள் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே தேதி, ஓரத்தில் ஸ்கேல் வைத்து மார்ஜின், நடுவில் பாடத்தின் பெயர், அடியில் சிவப்புப் பேனாவில் இரண்டு கோடு. கீழே ஒன்றுமில்லை. நாற்பது பக்கமும் அப்படியே. பனியனில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டுகிறவள் நான். என் வீட்டில் நாற்பது பக்கம் ஓட்டையாக இருந்தது எனக்குத் தெரியவில்லை.

மென்டார் மூன்று பேர் மாறினார்கள். முதல் பெண் இரண்டு வாரம் கூப்பிட்டது, அப்புறம் வேலையை விட்டுவிட்டதாம். இரண்டாவது ஆளுக்கு ஹிந்திதான் வரும். மூன்றாவது ஒரு மேடம். அவரிடம் நோட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வீட்ல யாராச்சும் பக்கத்துல உக்காந்து பாத்துக்கணும் மேடம். பேரன்ட் சப்போர்ட் இல்லாம ரிசல்ட் எப்படி வரும்?"

படித்தீர்களா? வீட்டில் ஆள் இல்லை என்று சொன்னதற்காகத்தான் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது வீட்டில் ஆள் இல்லாததுதான் குற்றமாம். பஸ் ஸ்டாண்டில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன், கை நடுங்கியது.

அதற்குப் பிறகு வழக்கமான கதைதான். புகார் நம்பர் தருவார்கள், 48 மணி நேரம் என்பார்கள், நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்துப் புதுப் புகார் நம்பர் தருவார்கள். பணம் திருப்பக் கேட்டால் பதினைந்து நாள் தாண்டிவிட்டது. தவணையை நிறுத்தக் கேட்டால் "அது லோன் கம்பெனி, அவங்ககிட்ட பேசுங்க". லோன் கம்பெனியில் கேட்டால் "பணத்தை அவங்களுக்கு மொத்தமா கொடுத்தாச்சு, அவங்ககிட்ட பேசுங்க". அக்டோபரில் கம்பெனியில் சம்பளம் இரண்டு நாள் தள்ளிப்போனது, தவணை பவுன்ஸ் ஆனது, பேங்க் அதற்கு 590 ரூபாய் பிடித்தது. சிபில், அதாவது கடன் மதிப்பெண், கெட்டுவிடும் என்று சம்பளம் வந்ததும் ஓடிப்போய்க் கட்டினேன். இதுவரை ஐந்து தவணை 17,915, முதலில் கொடுத்த 5,000, ஆக 22,915 போய்விட்டது. மீதியையும் கட்டித்தான் ஆக வேண்டும் என்கிறார்கள், அதனால் நான் 48,000 போச்சு என்றுதான் சொல்வேன். எனக்கு ஒரு சிப்டுக்கு 380 ரூபாய். 126 சிப்டு. கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய மோசடி போன வாரம்தான் தெரிந்தது. பத்தாவது தேர்வை இந்தப் பள்ளி நடத்தாது, நடத்தவும் முடியாது. சர்ட்டிபிகேட் தருவது என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், மத்திய அரசுடையது. இவர்கள் நடுவில் டியூஷன் எடுக்கிறவர்கள், அவ்வளவுதான். "ஏப்ரல் பரீட்சைக்குப் பதிவு பண்ணியாச்சுக்கா" என்று ஜூலையிலேயே சொல்லி ஒரு நம்பரும் அனுப்பியிருந்தார்கள். அதை எங்கள் தெரு பிரவுசிங் சென்டர் தம்பியிடம் காட்டினேன். என்.ஐ.ஓ.எஸ். வெப்சைட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, இது அவங்க ஆப்புக்குள்ள போற ஐடி. உங்க பாப்பா பேர்ல பதிவே இல்லை" என்றான். ஏப்ரல் தேர்வுக்கான சேர்க்கையும் முடிந்துவிட்டது. ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு வைக்கிறார்கள், ஆக இனி அடுத்த அக்டோபர்தான், கிட்டத்தட்ட ஒரு வருஷம். பள்ளியில் கேட்டதற்கு "டாக்குமென்ட் பெண்டிங்" என்றார்கள். ஐந்து மாதமாக எந்த டாக்குமென்ட் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தத் தம்பிதான் இன்னொன்றும் காட்டினான். 2021 டிசம்பரிலேயே மத்தியக் கல்வி அமைச்சகம் இந்த மாதிரி கம்பெனிகளைப் பற்றி எச்சரிக்கை விட்டிருக்கிறது. இலவசம் அது இது என்று இழுத்து, அக்கவுன்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கிற வசதிக்குக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள், அதுவும் எளிய குடும்பங்களைக் குறிவைத்து என்று. எங்களைப் பற்றி அப்போதே எழுதி வைத்திருக்கிறார்கள். எங்களிடம் வந்து சேரத்தான் இத்தனை நாள்.

பெண்ணிடம் பதிவு ஆகவில்லை என்று சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். போனை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பருப்பு டப்பாவைக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்தாள். ஒன்றும் பேசவில்லை.

சரி, சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

ஓடிபியை வாசிக்காதீர்கள். "வட்டியில்லாத் தவணை" என்றால் உங்கள் பெயரில் கடன் என்று அர்த்தம், அந்தப் பள்ளி மூடிப்போனாலும் நீங்கள்தான் கட்டவேண்டும். கடன் கம்பெனி தருகிற குறுகிய அவகாசத்துக்குள் அபராதம் இல்லாமல் திருப்பிக் கொடுத்து விலகலாம் என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதி கொண்டுவந்திருக்கிறது. கடன் மெசேஜ் வந்த அன்றே அதைக் கேளுங்கள், என்னைப் போல "ஃபார்மாலிட்டி" என்று நம்பி உட்காராதீர்கள்.

பத்தாவது எழுத ஆப் தேவையே இல்லை. என்.ஐ.ஓ.எஸ்.-இல் நாமே நேராகப் பதியலாம், பதினான்கு வயது ஆகியிருந்தால் போதும், தமிழிலும் எழுதலாம், செலவு சில ஆயிரம்தான். இல்லையென்றால் நம் அரசுத் தேர்வுத் துறை மூலம் தனித்தேர்வராக எழுதலாம், அதற்கு அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிய வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள். எதுவும் புரியவில்லை என்றால் 14417 பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண், காசு கிடையாது. நான் நேற்றுதான் கூப்பிட்டேன். பக்கத்து அரசுப் பள்ளியில் போய்ப் பேசுங்கள், திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள் என்றார்கள். அவள் வருவாளா என்பது வேறு விஷயம்.

ஏமாந்துவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லையாம். வியாழக்கிழமை அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன்.

ஐந்து என்றேன், மூன்றுதான் ஆச்சு. மணி ஏழே முக்கால், கம்பெனி வண்டி வந்துவிடும். மெசேஜ், பில், கால் ரெக்கார்டு எதையும் அழித்துவிடாதீர்கள். நான் கோபத்தில் அந்தக் கவுன்சிலர் தம்பியின் சாட் மெசேஜ்களை அழித்துவிட்டேன். இப்போது 65,000, 48,000 என்று அவர் எழுதியதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.