சாட்ஸ்வொர்த்தில் மாமியாரின் மாத்திரைப் பொட்டலம்

சர்க்கரை, இரத்தக் கொதிப்பு போன்ற நாள்பட்ட நோய்க்கான மருந்தை அரசு கிளினிக் வரிசையில் நிற்காமல் அருகிலுள்ள மருந்துக் கடையிலேயே வாங்கிக்கொள்ளும் திட்டத்தைத் தென்னாப்பிரிக்கச் சுகாதாரத் துறை 2014இல் தொடங்கியது. இப்போது அதை டாப்லாப் மெட்ஸ் என்கிறார்கள். டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் என் மாமியார் சில ஆண்டுகளாக இதில் இருக்கிறார். பொட்டலம் வாங்கி வருவது என் வேலை.

விடியுமுன் போய்க் கோப்புக்காக ஒரு வரிசை, மருந்துக்காக இன்னொரு வரிசை என்று நின்று மதியம் திரும்பும் பிழைப்பு ஒழிந்தது. இதற்காகவே திட்டத்தைக் கும்பிடலாம். தனியார் கடையில் கொடுத்தாலும் அரசு மருந்துதான்; காசு கிடையாது. ஆனால் எல்லோரையும் சேர்ப்பதில்லை. நோய் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். அளவு ஏறினால் பழையபடி கிளினிக்குக்கே போக வேண்டியதுதான். ஆடி மாதக் கூழ் வழிபாடுகள் முடிகிற சமயத்தில் எங்கள் வீட்டில் அந்தப் பயம் தவறாமல் வரும்.

குறை மருந்தில் இல்லை, பேச்சில் இருக்கிறது. கிளினிக்கில் சிஸ்டர் "கோகோ" என்று பாட்டி முறை வைத்து அழைத்து, கால் புண்ணைப் பார்த்து, எந்த மாத்திரையைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவார். கடையில் அடையாள அட்டையைப் பார்த்து, ஒட்டிய பொட்டலத்தை நீட்டுகிறார்கள், அவ்வளவுதான். அரசு ஒப்பந்தம் வேறு நிறுவனத்துக்கு மாறினால் சர்க்கரைக்குக் கொடுக்கும் அதே மெட்ஃபார்மின் மாத்திரை வேறு பெட்டியில், வேறு வடிவத்தில் வருகிறது. ஒருமுறை வெள்ளை மாத்திரையின் வடிவம் மாறியதும் மாமியார் "இது யாருடைய மருந்தோ" என்று தொடவே மறுத்துவிட்டார். பெட்டியில் இருந்த மருந்தின் பெயரைப் பழைய பெட்டியோடு வைத்துக் காட்டிய பிறகுதான் சமாதானமானார். அதனால் காலிப் பெட்டிகளை உடனே எறியாதீர்கள். பொட்டலத்தைக் கடையிலேயே பிரித்துப் பெயரையும் எண்ணிக்கையையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் பணம் வாங்குபவரை விட்டு, மருந்தாளுநரைக் கேளுங்கள்.

நம் தென்னாப்பிரிக்க அரசியல் சாசனம் மதிக்கப்பட வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கிளினிக் சுவரில் இருப்பதோ ஆங்கிலமும் சூலுவும். அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. எங்கள் முதியவர்களில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. வாயால் சொல்ல ஆள்தான் வேண்டும். அந்த இடத்தை நிரப்புகிறவர் வீடு தேடி வரும் சமூக சுகாதாரப் பணியாளர். அவர் வருகிற நாளில், பராமரிப்பவர் வீட்டில் இருப்பது நல்லது. மாமியாரைக் கேட்டால் "எல்லாம் சரி" என்பதோடு முடித்துவிடுவார்.

சேரும்போதே இரண்டு காரியங்களைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்; அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். பொட்டலம் வந்ததும் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வரும், அதற்கு உங்கள் எண்ணைக் கொடுங்கள். வாங்குபவராக உங்கள் பெயரையும் பதியச் சொல்லுங்கள். குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் பொட்டலம் திரும்பிப் போய்விடும். ஈஸ்டர் வாரத்தில் மவுண்ட் எட்ஜ்கம் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் புனித வெள்ளிக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள்.